அரசிழந்தோரின் ஊர்: காவிரி நாட்டில் இடம்பெயர்த்தல் என்னும் தண்டனை

சீனத்தில் தாங் மரபினர் ஆட்சியில், கி.பி. 653இல் உரையோடு வெளியிடப்பெற்ற சட்டநூல், தண்டனைகளை ஐந்தாக வகுத்து, நாடுகடத்தலை மரணத்துக்கு ஒரு படி கீழே வைத்தது. குற்றத்தின் கடுமைக்கு ஏற்ப 2000, 2500, 3000 லீ என்று தொலைவும் அளந்து விதிக்கப்பட்டது. லீ என்பது ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர். பதவியுடையோர் தம் பட்டத்தைத் துறந்தோ செம்பைச் செலுத்தியோ தண்டனையை ஈடுகட்டச் சட்டம் இடமளித்தது. எனினும், அரசவையின் சினத்துக்கு ஆளான பெரியோர் பதவியிறக்கம் என்ற பெயரில் தென்கோடிக்கு அனுப்பப்படுவது பிற்கால மரபுகளிலும் தொடர்ந்தது. கவிதைகளில் அரசைப் பழித்தார் என்று சிறைப்பட்ட, அதிகாரியும் கவிஞருமான சு ஷி, 1080இல் ஹுவாங்சோவுக்கும், முதுமையில், 1097இல், கடல் கடந்து ஹைனான் தீவுக்கும் சென்றது இவ்வகையில்தான்.

தஞ்சை மண்ணில் இப்படி அளந்து வைத்த தொலைவு கிடையாது. நெல் விளையும் நாட்டில் ஒருவனுடைய இடம் என்பது அவனுடைய நிலமே ஆதலால், நிலத்தைப் பறிப்பதே அவனைப் பெயர்ப்பதற்கு ஒப்பாயிற்று. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் உள்ள, முதலாம் இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இதற்குச் சான்று. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளாக இரவிதாசனான பஞ்சவன் பிரம்மாதிராசனையும் அவன் உடன்பிறந்தாரையும் அது பெயர் சொல்லிக் குறிக்கிறது. அவர்கள் உடைமையோடு நில்லாமல், தந்தைவழி, தாய்வழி, கொண்டுகொடுத்த உறவினர் ஆகியோரின் உடைமைகளையும் வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபையார் கைப்பற்ற வேண்டும் என்பது அதிலுள்ள அரசாணை. பிரம்மாதிராசன் என்பது அரசு உயரதிகாரிகளான அந்தணர்க்கு வழங்கிய பட்டம் ஆகையால், தண்டிக்கப்பட்டோர் எளியோர் அல்லர் என்பது தெளிவு. அவர்களைக் கொன்றதாகவோ ஊரைவிட்டு ஓட்டியதாகவோ அக்கல்வெட்டில் ஒரு சொல்லும் இல்லை. ஆனால் காணி போன பின்பு ஊரில் அவர்களுக்கு எஞ்சியிருக்கக்கூடியது என்ன என்று கேட்டால், விடை சொல்வது அரிது.

மராட்டியர் காலத்தில் இத்தண்டனை வேறு உருக்கொண்டது. 1739இல் பிரதாபசிங் தஞ்சை அரியணை ஏற, அதனை இழந்த சாகுஜி 1749இல் கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டையில் இருந்த ஆங்கிலேயரின் துணையை நாடினார். கொள்ளிடக் கழிமுகத்துத் தேவிக்கோட்டையை அவர்களுக்கு அளிப்பதாக அவர் வாக்களித்தார். அவர்கள் படையெடுத்துக் கோட்டையைப் பிடித்துக்கொண்டு, பின்னர் பிரதாபசிங்குடனேயே உடன்படிக்கை செய்துகொண்டனர்; அதன்படி சாகுஜிக்கு ஆண்டுக்கு 4000 ரூபாய் படி கிடைத்தது, ஆனால் அவரைக் கட்டுக்குள் வைக்கும் பொறுப்பு ஆங்கிலேயருடையதாயிற்று. படி கொடுத்து ஓரிடத்தில் அமர்த்தி வைக்கும் முறை இந்நாட்டில் வேரூன்றியது அப்போதே எனலாம்.

அம்முறை முழுமையாக வெளிப்பட்டது அமர்சிங்கின் வாழ்வில்தான். 1787இல் துளஜா மன்னர் இறக்குமுன் சிறுவன் சரபோஜியைத் தத்தெடுத்தார். அத்தத்து செல்லாது என்று பண்டிதர் கூறியதைக் கொண்டு, துளஜாவின் சகோதரர் அமர்சிங்கை ஆங்கிலேயக் கும்பினியார் அரியணையில் ஏற்றினர். சரபோஜி அரண்மனையில் அடைபட்டுத் துன்புற்றார். பாதிரியார் சுவார்ட்சின் முயற்சியால் 1793இல் சென்னைக்கு அனுப்பப்பட்டார். உயிருக்கு அரணாக அமைந்த அப்பெயர்ச்சியே அவருக்குக் கல்விச்சாலையும் ஆயிற்று. பிற்காலத்தில் சரசுவதி மகால் நூலகத்தைப் பெருக்கிய ஆர்வத்துக்கு வித்து அங்கு ஊன்றப்பட்டது என்று கொள்ள இடமுண்டு. பின்னர் அதே தத்து செல்லும் என்று மறுமுறை விளக்கம் பெறப்பட்டு, 1798இல் சரபோஜி அரசரானார், அமர்சிங் அரியணை இழந்தார். சாத்திரம் மாறவில்லை, அதை வினவியவர்களின் தேவை மாறியிருந்தது. மறு ஆண்டே, 1799 அக்டோபர் 25ஆம் நாள் உடன்படிக்கையால், நாட்டின் ஆட்சி கும்பினியின் கைக்குப் போயிற்று.

அமர்சிங்குக்கு வாழ்நாள் படியும், தஞ்சையிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், மகாலிங்கசுவாமி கோயில் கொண்ட திருவிடைமருதூரில் இருப்பிடமும் கிடைத்தன. சீனத்தின் 3000 லீயோடு ஒப்பிட்டால் இது தொலைவே அன்று. அதே காவிரி, அதே வயல், அதே மொழி. ஆயினும் பிரிவின் வலி மைலால் அளக்கப்படுவதன்று. அரியணை இருக்கும் ஊர் ஒரு நாள் பயணத்தில் இருக்க, அங்கே போகக் கூடாதவராய் வாழ்வது ஹைனான் தீவில் வாழ்வதினும் எளிது என்று துணிந்து கூறிவிட முடியாது. சீனத்து அதிகாரிக்கு மன்னிப்பு வரும் என்ற நம்பிக்கையேனும் இருந்தது. சு ஷியை அம்மன்னிப்பு 1100இல் திரும்பவும் அழைத்தது. அமர்சிங்கோ எக்குற்றத்துக்கும் தீர்ப்பளிக்கப்படாதவர் ஆகையால், மன்னிக்கப்படவும் வழியின்றி, 1802இல் மறைந்தார்.

அவருக்குப் பின் அவர் வழியினர் அவ்வூரிலேயே சிறு அரசவையை நடத்தினர். ஆள நாடில்லாத அவ்வவையில் இசைவாணர்க்குக் குறைவில்லை. கனம் கிருஷ்ணையர் அங்கே பாடினார். நரிமணத்தில் பிறந்த கோபாலகிருஷ்ண பாரதியார் அங்கிருந்த இராமதாசர் என்பவரிடம் இந்துஸ்தானி இசை பயின்றார். பிரதாபசிம்மன் என்ற மராட்டிய இளவரசரை மணக்க வேண்டி இலட்ச தீபம் ஏற்றி, வேண்டுதல் கைகூடியதும் தன் உருவத்தையே விளக்கேந்தும் பாவையாக வார்த்துக் கோயிலில் நிறுவிய அம்முனு அம்மணியின் செய்தியை, 1853ஆம் ஆண்டுக்குரிய அப்பாவை விளக்கின் பீடத்துத் தமிழ்க் கல்வெட்டு சொல்கிறது. தஞ்சை அரண்மனைக்கு வாய்த்த புகழ் இவ்வவைக்கு வாய்க்கவில்லை. இசை வரலாறு எழுதுவோர் இதனை ஓரிரு வரிகளில் கடந்துவிடுவது பெரும் குறையே. திருவிடைமருதூரில் பெற்ற பயிற்சியைப் பின்புலமாகக் கொண்ட பாரதியாரின் ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’, அந்நாளில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலின் அதிகாரி ஒருவரின் ஆதரவோடு, 1860களின் தொடக்கத்தில் அச்சேறியது.