பாசமா? பயிற்சியா?

நடுவர் அவர்களே! அவையில் கூடியிருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே! வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்திருக்கும் அன்பு உள்ளங்களே! 

‘பார்வை இழந்தவருக்குப் பெரிதும் கைகொடுப்பது பாசமா, பயிற்சியா?’ இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய அம்மா, ‘பெத்தவ பாசத்தை விடப் பெரிய கண் ஏதுய்யா?’ என்று கேட்டு, உங்களையெல்லாம் கண்கலங்க வைத்துவிட்டுப் போய்விட்டார். பாசம் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. அப்படிச் சொல்லிவிட்டு நான் வீட்டுக்குப் போக முடியுமா? (சிரிப்பு) பாசம் மட்டும் போதுமா என்பதே என் கேள்வி.

எனக்குத் தெரிந்த தலைமையாசிரியர் ஒருவர். ஓய்வு பெற்றவர். சர்க்கரை நோய் விழித்திரையைத் தாக்கிப் பார்வை போய்விட்டது. தங்கமான பிள்ளைகள். ‘அப்பா, நீங்க உட்காருங்க, நான் எடுத்துத் தர்றேன்.’ ‘மாமா, எந்திரிக்காதீங்க, விழுந்துடுவீங்க.’ தண்ணீர் மொண்டு குடிக்கக்கூட விடவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தையே நடத்தின மனுஷன் நாற்காலியை விட்டு நகரவில்லை. என்னிடம் சொன்னார்: ‘சார், எனக்குப் போனது கண்ணு மட்டும்தான். கையையும் காலையும் இவங்க வாங்கி வச்சுக்கிட்டாங்க.’ நடுவர் அவர்களே, அதைச் செய்தது பகை அல்ல, பாசம்! (கைதட்டல்)

பிறகு ஒரு பயிற்சியாளர் வந்தார். அவருக்கும் பார்வை கிடையாது. வெள்ளைக் கோலைக் கையில் கொடுத்தார். வலது கால் முன்னே போகும்போது கோல் இடது பக்கம் தட்ட வேண்டும். இடது கால் போகும்போது வலது பக்கம். அடுத்த அடி விழப்போகிற இடத்தைக் கோல் முன்னாலேயே பார்த்துச் சொல்லிவிடும். ரூபாய் நோட்டின் ஓரத்தைத் தடவச் சொன்னார். புது நூறு ரூபாயில் நாலு கோடு, ஐந்நூறில் அஞ்சு கோடு, விரலுக்குத் தட்டுப்படும். மூன்று மாதம்! ஐயா தனியாக முக்குக் கடைக்குப் போய் டீ குடித்துவிட்டு, மீதிச் சில்லறையையும் எண்ணி வாங்கி வந்தார். மருமகள் வாசலில் நின்று அழுதார். அதுவும் பாசம்தான். ஆனால் அந்தப் பாசத்துக்கு வழிகாட்டியது பயிற்சி!

நமக்கும் பயிற்சி வேண்டும் சார். சாலையைக் கடக்க உதவுகிறேன் என்று ஆட்டுக்குட்டியை இழுப்பது போலக் கையைப் பிடித்து இழுக்கிறோம். (சிரிப்பு) முதலில் ‘உதவி வேணுமா?’ என்று கேளுங்கள். பிறகு உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் அரை அடி முன்னே நடந்தால் போதும். பேசிக்கொண்டே இருந்துவிட்டுச் சொல்லாமல் எழுந்து போகாதீர்கள். அவர் வெறும் சுவரிடம் பேசிக்கொண்டிருப்பார். வீட்டில் நாற்காலியை இடம் மாற்றினால் சொல்லுங்கள். நம் பாட்டிமார்கள் வாழையிலையில் உப்புக்கு ஓர் இடம், பொரியலுக்கு ஓர் இடம், சோற்றுக்கு ஓர் இடம் என்று வைத்தார்களே, அந்த ஒழுங்கு வீடு முழுக்க இருந்தால் பார்வை இல்லாதவருக்கு அந்த வீடே மனப்பாடம்!

இலக்கியத்துக்கு வருகிறேன். இரட்டைப் புலவர்களில் ஒருவருக்குக் கண் இல்லை. ஒருவருக்குக் கால் இல்லை. கால் இல்லாதவர் தோளில் இருந்து வழி சொன்னார். கண் இல்லாதவர் நடந்தார். பாட்டில் பாதியை ஒருவர் சொல்ல, மீதியை மற்றவர் முடித்தார். பாசம் அவர்களைச் சேர்த்து வைத்தது, சரி. பாட்டை முடித்து வைத்தது எது? கற்ற கல்வி அல்லவா!

பிரான்ஸ் நாட்டில் லூயி பிரெய்ல். மூன்று வயதில், அப்பாவின் தோல் பட்டறையில் கண்ணில் காயம்பட்டுப் பார்வை இழந்த பிள்ளை. 1824-இல், பதினைந்து வயதில், ஆறு புள்ளிகளால் எழுத்தை உண்டாக்கினார். 1951-இல் பாரதி பிரெய்ல் என்று இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான முறை வந்தது. இன்று நம் பிள்ளைகள் தமிழை விரலால் படிக்கிறார்கள்.

இன்னொன்று. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் முழுப் பார்வை இழந்தவரோடு குறைபார்வை உள்ளவரையும் சேர்த்துச் சொல்கிறது. குறைபாடு 40 சதவீதம் என்று சான்றிதழ் பெற்றால் அரசு வேலையில் இடஒதுக்கீடு உண்டு. ‘வெளியே தெரிஞ்சா பொண்ணுக்குக் கல்யாணம் ஆகாதே’ என்று பாசத்தால் மறைத்து, அந்தச் சான்றிதழே வாங்காத வீடுகள் எத்தனை! அந்தப் பெண்ணுக்குக் கிடைக்க வேண்டிய படிப்பும் வேலையும் வாசலோடு திரும்பிப் போகின்றனவே!

ஆகவே நடுவர் அவர்களே, பெற்றவர்கள் எத்தனை காலம் கூட வர முடியும்? அவர்கள் இல்லாத நாளிலும் அந்தப் பிள்ளை சாலையைக் கடக்க வேண்டும். அன்றைக்குக் கூட வருவது பயிற்சிதான். ‘பயிற்சியே’ என்று நல்ல தீர்ப்பு வழங்குங்கள் என்று கேட்டு அமர்கிறேன். (கைதட்டல்)