கணினி மேசையில் நம் பிள்ளைகள்



ஹட்டன், நுவரெலியா கொமினிகேஷன் கடைகளிலும் தோட்டக் காரியாலயங்களிலும் கணினி முன் அமர்ந்திருப்போரில் நம் பிள்ளைகள் பலர். "கிராக் பண்ணின கொப்பி இருக்கு, போட்டுவிடு பிள்ளை" என்று முதலாளி சொன்னால் மறுப்பது இலகுவல்ல. வேலை போய்விடுமோ என்ற பயம் நாமறிந்ததே.

ஆனால் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் விற்பவரை மட்டும் பிடிப்பதில்லை. திருட்டுப் பிரதியென்று அறிந்தே வியாபார இலாபத்துக்குப் பயன்படுத்துவதும் குற்றம்: 5 இலட்சம் ரூபாய் வரை அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

எனவே "முடியாது" என்பதோடு நிற்காமல் மாற்றையும் எடுத்துக்கொண்டே போவோம். கடிதத்துக்கும் கணக்குக்கும் லிப்ரே ஒஃபிஸ் போதும். காசில்லை, எத்தனை கணினியிலும் போடலாம், தமிழிலும் கிடைக்கிறது. இலவசமென்றால் தரமிராது என்பார்கள். 2004 சுனாமியின்போது நம் நாட்டுத் தொண்டர்கள் உருவாக்கிய சஹானாவும் இத்தகைய மென்பொருள்தான்; மறுவருடம் பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும் அது உதவியது.

பழைய பாமினிக் கடிதங்களைத் திறக்க அந்த எழுத்துரு கணினியில் இருக்க வேண்டும். புதியவற்றை யுனிகோடில் அடித்தால் அந்தத் தொல்லையில்லை. செக்ரோல் கோப்பில் மக்ரோ இருந்தால் இடறலாம். முதலில் ஒரு பிரதியில் பரீட்சித்துப் பாருங்கள். சம்பளத்துக்கு முதல்நாள் மட்டும் வேண்டாம்!