அடுத்த அணிக்கு என்ன வைத்துப் போகிறீர்கள்?



இன்று பட்டம் பெறும் பிள்ளைகளே, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு மாணவனாக வந்தவன் நான். இங்கேயே உதவி விரிவுரையாளரானேன், இரசாயனவியல் பேராசிரியராக ஓய்வுபெற்றேன். ஓய்வுக்குப் பிறகும் நூலகத்தில் அடிக்கடி என்னைக் காணலாம். "அங்கேயே பாயைப் போட்டுப் படுங்கோவன்" என்று வீட்டில் பகிடி பண்ணுவார்கள். ஒரே இடத்தில் ஒரு மனுசன் இவ்வளவு காலம் ஒட்டிக்கொண்டிருக்க என்ன காரணம்? எனக்குத் தெரிந்த பதிலை இன்று உங்களிடம் சொல்லிவிட நினைக்கிறேன்.

1974 ஒக்டோபரில், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகமாக இது தொடங்கியது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் கட்டடங்கள் திருநெல்வேலியில் கிடைத்தன. விஞ்ஞான மாணவர்களாகிய நாங்கள் வட்டுக்கோட்டையில், யாழ்ப்பாணக் கல்லூரி வளவில் படித்தோம். ஆய்வுகூடத்தில் தராசுக்கு வரிசையில் நிற்க வேண்டும். நமது முறை வருவதற்குள் செய்முறை நேரம் பாதி போய்விடும். அன்று வளாகத் தலைவராக இருந்த கைலாசபதிக்கு வயது 41. பேர்மிங்காமில் கலாநிதிப் பட்டம் பெற்று வந்தவர். ஆனால் அவரும் உடன் நின்றவர்களும் இல்லாததை எண்ணிக்கொண்டிருக்காமல் இருப்பதை வைத்துத் தொடங்கினார்கள். 1979இல் வளாகம் தனிப் பல்கலைக்கழகமானது, வித்தியானந்தன் முதல் துணைவேந்தரானார்.

பிறகு வந்த போர்க் காலத்தை உங்கள் பெற்றோர் அறிவார்கள். 1990இல் பொருளாதாரத் தடை வந்தது. மின்சாரம் இல்லை, பெற்றோல் இல்லை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அது நனையுமளவுக்கு மண்ணெண்ணெய், சைக்கிள் வால்வுக்குள்ளால் இழுத்துவிட்ட நூல் திரி. குன்றிமணியளவு சுடர்தான். அதைச் சுற்றி இருந்து மாணவர்கள் படித்தார்கள், நாங்கள் விடைத்தாள் திருத்தினோம். சிவப்புப் பேனாவால் போட்ட புள்ளி அந்த வெளிச்சத்தில் தெரியாது. விடிந்த பிறகுதான் கூட்டிப் பார்க்க முடியும்.

அந்நாளில் துணைவேந்தராக இருந்தவர் பேராசிரியர் துரைராஜா. கேம்பிரிஜ் பல்கலைக்கழகத்தில் ரொஸ்கோ, ஸ்கோபீல்ட் ஆகியோருடன் அவர் சேர்ந்து எழுதி 1963இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரை, களிமண் சுமையை எப்படித் தாங்குகிறது என்பதைப் பற்றியது. மண் பொறியியல் படிப்பவர்கள் இன்றும் அதைத் தொட்டுத்தான் போக வேண்டும். அப்படிப்பட்டவர் சைக்கிள் மிதித்து வேலைக்கு வந்ததை இந்த ஊர் கண்டது. உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜினி திராணகம லிவர்பூலில் ஆய்வை முடித்துத் திரும்பி வந்தவர். 1989 செப்டெம்பர் 21 அன்று, வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக்கொல்லப்பட்டார். அவருக்கு வயது 35. 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமமே ஓரிரவில் இடம்பெயர்ந்தது. அடுத்த ஆண்டு திரும்பி வந்தவர்கள் வகுப்பறைகளைக் கூட்டித் துடைத்து, விரிவுரை அட்டவணையை மறுபடியும் சுவரில் ஒட்டினார்கள்.

இவர்களில் பலருக்கு வேறு நாட்டில் வசதியான வாழ்க்கை காத்திருந்தது. ஆனாலும் அடுத்த அணிக்குப் பரீட்சை நடக்க வேண்டும், பெறுபேறு வெளியாக வேண்டும் என்று நின்றார்கள். சுவரில் ஒட்டிய அந்த அட்டவணையும், நேரத்துக்குத் திருத்தி முடித்த விடைத்தாளும் சேர்ந்ததுதான் எனக்குத் தெரிந்த பல்கலைக்கழகம். நான் இதை விட்டுப் போகாததற்குக் காரணமும் அதுவே. எனக்கு முன் யாரோ கண்விழித்துச் செய்த வேலையால் நான் படித்தேன். எனக்குப் பின்னால் வருபவருக்கு அந்த வேலையை நான் செய்ய வேண்டியிருந்தது.

என் துறையிலிருந்து ஒன்று சொல்கிறேன். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு குடாநாட்டில் இல்லை. மாரி மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தேங்குவதைத்தான் நாம் குடிக்கிறோம். இறுதியாண்டு ஆய்வுக்கு மாணவர்கள் தங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைப் போத்தலில் கொண்டுவருவார்கள். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. தோட்டங்கள் நெருங்கிய இடங்களில் பல கிணறுகள் அதைத் தாண்டி நின்றன. வெங்காயத் தோட்டத்தில் ஒருவர் அளவுக்கு மிஞ்சிப் போடும் யூரியா, வேலிக்கு அப்பால் இருப்பவரின் குழந்தை குடிக்கும் தண்ணீருக்குள் போகிறது. நிலத்தடியில் வேலி கிடையாது. பல்கலைக்கழகமும் அப்படித்தான். இங்கே நாம் போடுவது நல்லதோ கெட்டதோ, முகம் தெரியாத யாருக்கோ போய்ச் சேரும்.

கெட்டதையும் சொல்லத்தான் வேண்டும். பகிடிவதை என்ற பெயரில் முதலாண்டுப் பிள்ளைகளை அழவைப்பதும் ஓர் அணி அடுத்த அணிக்குக் கடத்தும் சொத்தாகிவிட்டது. "எங்களுக்கும் செய்தார்கள்" என்பது நியாயம் ஆகாது. வாங்கியதையெல்லாம் கைமாற்ற வேண்டும் என்று சட்டமில்லை. எதை நிறுத்துவது என்று தீர்மானிக்கவும் படித்தவருக்குத் தெரிய வேண்டும்.

வெளிநாடு போகாதீர்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. போங்கள், படியுங்கள், உழையுங்கள். ஊரில் நிற்பவர்களும் தூரமாகிவிடலாம். கனடாவில் இருப்பவரும் கிட்ட நிற்கலாம். உங்கள் வேலைத்தலத்தில் தேவைப்பட்டும் நாங்கள் கற்பிக்காமல் விட்டது எது என்று துறைக்கு எழுதுங்கள். உங்கள் பள்ளிக்கூடத்தில் உயர்தரம் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு பாடத்தையாவது சொல்லிக் கொடுங்கள். இன்று உங்களோடு மாத்தறையிலிருந்தும் குருநாகலிலிருந்தும் வந்து படித்த நண்பர்கள் பட்டம் பெறுகிறார்கள். அந்தச் சிநேகிதத்தை இந்த மண்டபத்தோடு முடித்துவிடாதீர்கள். பல்கலைக்கழகம் பிழைவிட்டால் சண்டை பிடியுங்கள். உரிமை உள்ளவன்தான் சண்டை பிடிப்பான்.

பெற்றோரே, தோட்டத்திலும் கடலிலும் கடையிலும் நின்று இவர்களைப் படிக்கவைத்தவர்கள் நீங்கள். இந்தப் பட்டத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு. பிள்ளைகளே, அடுத்த மாதம் புதிய அணி ஒன்றின் மாணவர் உங்களைத் தேடிப்பிடித்து ஒரு சந்தேகம் கேட்டால், நேரமில்லை என்று சொல்லாதீர்கள். உங்களுக்கு அப்படிச் சொல்லாத ஒருவர் இருந்தபடியால்தான் இன்று இந்த மேடையில் ஏறுகிறீர்கள்.