குதிரைவீரனும் கூடத்துத் திரையும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடைக்கு வருவோர் வள்ளுவரையோ இளங்கோவையோ துணைக்கு அழைத்து வருவது மரபு. நான் இன்று அழைத்து வந்திருப்பதோ, அகன்ற தொப்பியணிந்து, இடையில் துப்பாக்கி தொங்க, புழுதி பறக்கக் குதிரையேறி வரும் அமெரிக்கக் கௌபாயை! “இவனுக்குத் தமிழ்ச் சங்கத்தில் என்ன வேலை?” என்று செயலாளர் அவர்களே கேட்டார்கள். வேலை இருக்கிறது. சற்றுப் பொறுத்துக் கேட்குமாறு வேண்டிக்கொள்கிறேன்.

1959ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் நாள் அமெரிக்காவில் ‘பொனான்சா’ என்னும் தொலைக்காட்சித் தொடர் தொடங்கிற்று. மூன்றே நாள் கழித்து, செப்டம்பர் 15ஆம் நாள், தில்லியில் இந்தியாவின் முதல் தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கிற்று. அங்கே வீடுதோறும் குதிரைவீரர்கள் குடியேறிவிட்ட காலத்தில், இங்கே தொலைக்காட்சி என்பது தலைநகரில் காணும் புதுமையாக மட்டுமே இருந்தது. சென்னைக்கு அது வந்தது 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 15இல். அதே ஆண்டில்தான் ‘கன்ஸ்மோக்’ என்னும் தொடர் 20 ஆண்டுகள் நடந்து, 635 பகுதிகளோடு நிறைவெய்திற்று. விருந்து முடிந்து இலையெடுக்கும் நேரத்தில் பந்திக்கு வந்தவர்கள் நாம்.

ஆயினும் நம் தலைமுறை அந்தக் குதிரைவீரனை அறியாமல் இல்லை. நான் 1971இல் வேலை தேடி இந்நகருக்கு வந்தவன். மகாத்மா காந்தி சாலையில் அப்போது ‘பிளாசா’ இருந்தது; பிரிகேடு சாலையில் ‘ரெக்ஸ்’ இருந்தது. இன்று இரண்டும் இல்லை. அங்கே ஆங்கிலப் படங்களில் அவனைக் கண்டோம். உரையாடல் பாதி விளங்காது. குதிரையின் குளம்பொலி முழுவதும் விளங்கும். பிறகு அவன் தமிழே பேசிக்கொண்டு வந்தான். ஒளிப்பதிவாளராகப் புகழ்பெற்ற எம். கர்ணன் இயக்கிய ‘காலம் வெல்லும்’, ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ முதலிய படங்களில் ஜெய்சங்கர் குதிரையேறி வந்ததை இந்த அவையில் மறந்தவர் இருக்க மாட்டார்கள். 1972இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் பிறந்தது. 1984இல் லயன் காமிக்ஸ் பிறந்தது. கோடை விடுமுறைக்கு வேலூருக்கும் தருமபுரிக்கும் போய்த் திரும்பிய நம் பிள்ளைகளின் பைகளில், ஊறுகாய்ப் புட்டிக்கும் முறுக்குப் பொட்டலத்துக்கும் நடுவே, இத்தாலியில் பிறந்த டெக்ஸ் வில்லரும் பெல்ஜியத்தில் பிறந்த லக்கி லூக்கும் தமிழ் பேசியபடி வந்து சேர்ந்தார்கள்.

இந்த வேற்று நாட்டுக் கதை நம் நெஞ்சில் ஏன் இத்துணை எளிதாக வேரூன்றிற்று? இது நமக்கு வேற்றுக் கதையே அன்று என்பது என் எண்ணம். மாடுகளைக் கவர்ந்து செல்கிறது ஒரு கூட்டம். ஊருக்காக ஒருவன் பின்தொடர்ந்து சென்று மீட்கிறான். மேற்கத்தியக் கதைகள் பலவற்றின் முதுகெலும்பு இதுதான். ஆநிரை கவர்தலை வெட்சி என்றும், மீட்டலைக் கரந்தை என்றும் பெயரிட்டு இலக்கணம் வகுத்தவர்கள் நம் முன்னோர். 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த, தமிழி எழுத்துப் பொறித்த நடுகல், அத்தகைய ஆநிரைப் பூசலில் மாண்ட ஒருவனுக்கு எடுத்தது. செங்கம் பகுதியில் பல்லவர் காலத்து நடுகற்கள் பலவும் அதே செய்தியைச் சொல்லி நிற்கின்றன. கன்னட நாட்டிலும் ஆநிரை மீட்டு வீழ்ந்தோரின் வீரக்கற்கள் ஊர்தோறும் உண்டு. இந்த நகரின் பெயரையே நமக்குக் காத்துத் தந்தது ஒரு வீரக்கல்தான். பேகூர்க் கோயிலில் உள்ள, ஏறத்தாழக் கி.பி. 890ஆம் ஆண்டினதாகக் கருதப்படும் அந்தக் கல், பெங்களூரில் நடந்த ஒரு போரில் வீழ்ந்தவனைப் பற்றிப் பேசுகிறது. மைசூர்ச் சாலையில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் சென்றால் ராமநகரத்துப் பாறைகள்! 1973 அக்டோபரில் அங்கே ‘ஷோலே’ படப்பிடிப்புத் தொடங்கியபோது, அந்தப் பாறைகளுக்கு அமெரிக்க வேடம் போட வேண்டிய தேவையே எழவில்லை.

ஆனால் ‘ஷோலே’ குருதி தோய்ந்த கதை. நான் பேச வந்ததோ, பாட்டியும் பேரப்பிள்ளையும் ஒரே பாயில் அமர்ந்து கூச்சமின்றிக் காணத்தக்க மேற்கத்தியக் கதையைப் பற்றி. 1949 முதல் 1957 வரை தொலைக்காட்சியில் வந்த ‘லோன் ரேஞ்ச’ருக்கு எழுத்தாளர்கள் கடுமையான விதிகளை வகுத்திருந்தார்கள். முகமூடியணிந்த அந்த வீரன் கொல்வதற்காகச் சுடமாட்டான். எதிரியின் கைத்துப்பாக்கி விழுமாறு மட்டுமே சுடுவான். கொச்சை பேசமாட்டான், இலக்கணம் வழுவாத ஆங்கிலமே பேசுவான். ‘பொனான்சா’வில் மனைவியரை இழந்த ஒரு தந்தையும் மூன்று மைந்தர்களும் ஒரு பெரும்பண்ணையைக் காத்து வாழ்வார்கள். அங்கே துப்பாக்கியை விடத் தந்தையின் சொல்லுக்கே வலிமை அதிகம். அதில் இளைய மைந்தனாக நடித்த மைக்கேல் லாண்டன், பின்னர் 1974இல் தொடங்கிய ‘லிட்டில் ஹவுஸ் ஆன் தி பிரேரி’யில் தாமே தந்தையாக வந்தார். மகனாகக் கண்டவரைத் தந்தையாகவும் கண்டு முதுமை எய்திற்று ஒரு தலைமுறை. லக்கி லூக்கின் வாயிலிருந்த சிகரெட்டைக் கூட, அவரைப் படைத்த மோரிஸ் 1983இல் எடுத்துவிட்டு ஒரு புல்லிதழை வைத்தார். குழந்தைகள் பார்க்கிறார்கள் என்னும் பொறுப்புணர்ச்சியை இவற்றிலெல்லாம் காண்கிறோம். அதற்காகத்தான் நாம் ஏங்குகிறோம்.

இன்னொன்றுக்கும் ஏங்குகிறோம். அது கூடம். 1980களில் எங்கள் தெருவில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது ஒரே ஒரு வீட்டில். அது கன்னடக் குடும்பத்தார் வீடு. மாலையில் அவர்கள் வாசலில் தெருவாரின் செருப்புகள் குவிந்து கிடக்கும். வீட்டுக்குரிய முதிய அம்மையாரை நாங்கள் எல்லோரும் ‘அஜ்ஜி’ என்றே அழைப்போம். அங்கேதான் ‘மால்குடி டேஸ்’ கண்டோம். எழுதியவர் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து மைசூரில் வாழ்ந்த ஆர். கே. நாராயண். இயக்கியவர் கன்னட நடிகர் சங்கர் நாக். இசையமைத்தவர் எல். வைத்தியநாதன். காட்சியிடம் மலைநாட்டு ஆகும்பே. மூலக்கதை ஆங்கிலம், பெட்டியில் கேட்டதோ இந்தி! துப்பாக்கியும் குதிரையும் இல்லையேனும், சிற்றூரின் அறத்தைச் சிறுவர்க்கும் முதியோர்க்கும் ஒருங்கே சொன்ன வகையில் அதுவே நமக்குக் கிடைத்த ‘பொனான்சா’. இந்தி அறிந்த பள்ளிச் சிறுவன் ஒருவன் கன்னடத்தில் பொருள் சொல்வான்; நான் என் மனைவிக்குத் தமிழில் சொல்வேன். சிரிப்பு மூன்று தவணையாக எழும்.

அன்பர்களே, இதுவரை இனிய நினைவுகளைச் சொன்னேன். இனி நான் நாணிய கதையைச் சொல்ல வேண்டும்.

பழைய தொடர்கள் இன்று கையடக்கத்தில் கிடைக்கின்றன. சில மாதங்களுக்கு முன், ஒன்பது வயதான என் பேத்தியை அருகில் அமர்த்தி ‘லோன் ரேஞ்சர்’ காட்டினேன். இந்நகரிலேயே பிறந்தவள். ஆங்கிலமும் கன்னடமும் அருவிபோல் பேசுவாள். தமிழ் மட்டும் தட்டுத் தடுமாறும். “தாத்தா வந்தாள்” என்பாள். விருந்தினர் வந்தால் அவளைத் தமிழ் பேசச் சொல்லி நாங்கள் சிரிப்பது வழக்கம். அன்பினால் சிரித்தோம் என்றுதான் எண்ணியிருந்தேன்.

முகமூடி வீரனுக்கு டோன்டோ என்றொரு தோழன் உண்டு. அந்நாட்டுப் பழங்குடி மகன். வீரன் திருத்தமான ஆங்கிலம் பேச, டோன்டோவோ ஒடிந்த சொற்களையே பேசுவான். சற்று நேரம் பார்த்த குழந்தை கேட்டாள்: “தாத்தா, இவர் வீட்டிலும் இப்படித்தான் பேசுவாரா?”

எனக்கு விடை தெரியவில்லை. தேடிப் படித்தேன். அந்தப் பாத்திரத்தில் நடித்த ஜே சில்வர்ஹீல்ஸ் கனடாவில் பிறந்த மோஹாக் இனத்தவர். நல்ல ஆங்கிலம் பேசத் தெரிந்தவர். அவருக்கு எழுதித் தரப்பட்டதுதான் ஒடிந்த மொழி. பின்னாளில், 1960களில், தம் இனத்து இளைஞர்களுக்கு நடிப்புக் கற்பிக்கும் பட்டறை ஒன்றை லாஸ் ஏஞ்சல்சில் அவர் நிறுவினார். மேலும் படித்தேன். ‘லிட்டில் ஹவுஸ்’ கதையின் உண்மைக் குடும்பம் கான்சாசில் வீடு கட்டிய நிலம் ஓசேஜ் மக்களுக்கு உரியது. அந்த நூல்கள் பழங்குடியினரைச் சித்திரித்த முறையை எண்ணியே, அமெரிக்க நூலகச் சங்கம் 2018இல் தன் விருதொன்றிலிருந்து அந்த ஆசிரியரின் பெயரை நீக்கிற்று. குழந்தைகள் பார்க்கிறார்கள் என்று அவ்வளவு கருத்தாக எழுதியவர்கள், எந்தக் குழந்தைகள் பார்க்கிறார்கள் என்று எண்ணவில்லை. டோன்டோவின் இனத்துக் குழந்தையும் அதே திரையைப் பார்த்திருக்கும் அல்லவா?

இவற்றையெல்லாம் பேத்திக்கு எளிமையாகச் சொன்னேன். கேட்டுவிட்டு, “நான் தமிழ் பேசினால் எல்லாரும் சிரிக்கிறார்கள், தாத்தா. அதனால்தான் நான் பேசுவதில்லை” என்றாள். ஆங்கிலத்தில்தான் சொன்னாள். அவள் சில காலமாக எனக்கு ஆங்கிலத்திலேயே விடை சொல்லி வந்தாள் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

அன்றிரவு அஜ்ஜியின் கூடம் நினைவுக்கு வந்தது. நான் பேசிய கன்னடத்தில் ஆண்பால் பெண்பால் பிழைகள் மலிந்திருக்கும். அந்த அம்மையார் ஒரு நாளும் சிரித்ததில்லை. நான் சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பார். பிறகு நான் சொல்ல முயன்ற சொல்லையே தம் விடையில் வைத்து, மெல்லத் திருப்பித் தருவார். என்னிடம் இன்றுள்ள கன்னடம் முழுவதும் அவர் அப்படித் தந்ததே. அவருக்கு நான் வேற்றூரான். என் பேத்தியோ எனக்குச் சொந்தக் குருதி. அவர் எனக்குச் செய்ததை நான் அவளுக்குச் செய்யவில்லை.

பழைய தொடர்களைக் குழந்தைகளுக்குக் காட்டலாகாது என்று நான் சொல்ல வரவில்லை. தாராளமாகக் காட்டுங்கள், ஆனால் அருகிலேயே அமர்ந்திருங்கள். அவர்கள் கேட்கும் கேள்விக்கு விடை தெரியாவிட்டால் தேடிச் சொல்லுங்கள். கதையின் இறுதியில் குதிரைவீரன் ஊரைவிட்டுப் போய்விடுவான். அவனுக்கு யாரிடமும் மொழி கற்க வேண்டிய தேவையில்லை. நாமோ வந்த ஊரிலேயே தங்கிவிட்டவர்கள். அயலாரின் பொறுமையால் ஒரு மொழியைப் பெற்றோம். நம் பொறுமையால்தான் இன்னொரு மொழியைப் பேரப்பிள்ளைகளுக்குத் தர முடியும்.

ஆகவே சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் பேச்சுப் போட்டி நடத்துகிறோம். பிழையின்றிப் பேசும் குழந்தைக்குப் பரிசளிக்கிறோம். அது தொடரட்டும். அதனுடன் திங்களுக்கொரு மாலை, தடுமாறித் தமிழ் பேசும் குழந்தைகள் தமக்குப் பிடித்த கதையைத் தமிழில் சொல்லட்டும். அது கௌபாய்க் கதையானாலும் ஆகட்டும். பெரியவர்கள் சிரிக்காமல், இடைமறிக்காமல், இறுதிவரை கேட்போம். முதல் மாலைக்கு என் பேத்தியை அழைத்து வருகிறேன். வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறாள், நான் முன்வரிசையில் உட்காரக் கூடாது என்பது மட்டும் அவளுடைய நிபந்தனை. கடைசி வரிசையில் அமர்ந்து கேட்கக் காத்திருக்கிறேன்.