வீட்டுக் கணினியும் விளையாட்டும்

கணினியில் விளையாடுவது நன்றா, தீதா என்னும் வழக்கை இன்று நான் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. அதைப் பற்றிப் பெற்றோரும் ஆசிரியரும் போதிய அளவு பேசியிருக்கிறார்கள். விளையாட வேண்டும் என்ற விருப்பமும், வீட்டில் ஒரு பழைய கணினியும், கையில் ஒரு சிறு தொகையும் உடைய மாணவர் ஒருவர் அத்தொகையை எவ்வாறு செலவிடுவது என்பதே என் பேச்சின் பொருள்.

அத்தொகை எவ்வாறு சேர்ந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். பொங்கலுக்குத் தாத்தா கொடுத்தது, விடுமுறையில் ஒரு கடையில் நின்று ஈட்டியது, பேருந்துக்குக் கொடுத்ததில் மிச்சம் பிடித்தது என்று துளித்துளியாகச் சேர்ந்தது. அதை ஒரு முறைதான் செலவிட முடியும். மேலும், அக்கணினி உங்களுக்கு மட்டும் உரியதன்று. அதில்தான் தங்கை பாடம் படிக்கிறாள்; தந்தையார் மின்கட்டணம் செலுத்துகிறார். விளையாட்டுக்காகச் செய்த மாற்றத்தால் அது புகைந்து போனால், நட்டம் வீடு முழுவதற்கும் ஆகும்.

இந்நிலையில் அறிவுரைக்குக் குறைவிராது. "ராம் போடுடா, பறக்கும்" என்பான் தோழன். "இதெல்லாம் பழசு தம்பி, புதுசா எடுத்துக்குங்க" என்பார் கடைக்காரர். இருவரும் உங்கள் கணினியைத் திறந்து பார்த்தவர்கள் அல்லர். நோயாளியைப் பாராமலே மருந்து எழுதும் மருத்துவரை நாம் நம்புவதில்லை. கணினிக்கு மட்டும் ஏன் நம்ப வேண்டும்?

திரையில் ஓடும் விளையாட்டு உண்மையில் ஓடுவதில்லை. அசையாத படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து வருகின்றன. நொடிக்கு 60 படங்கள் வந்தால் இயக்கம் தடையின்றித் தோன்றும். அப்படியானால் ஒரு படத்தை ஆக்குவதற்குக் கிடைக்கும் பொழுது ஏறத்தாழ 16.7 மில்லி நொடி. 30 படங்கள் போதும் என்று மனம் அமைந்தால் 33.3 மில்லி நொடி கிடைக்கும். இக்குறுகிய பொழுதிற்குள் இரண்டு பெரிய வேலைகள் நடந்தாக வேண்டும். பந்து எங்கே உருண்டது, எதிரி எப்பக்கம் திரும்பினான் என்பனவற்றைக் கணக்கிடுவது செயலி; கடைத்தெருவில் அதைப் பிராசசர் என்பார்கள். அக்கணக்கைப் பெற்றுக்கொண்டு திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் தீட்டுவது கிராபிக்ஸ் கார்டு.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சோறு பரிமாறுபவர் விரைவாக வந்துவிடுகிறார். சாம்பார் வாளி வைத்திருப்பவர் மெல்ல வருகிறார். இலையின் முன் அமர்ந்தவர் கையைப் பிசைந்துகொண்டு காத்திருக்கிறார். இப்போது சோறு பரிமாற இன்னும் இருவரை அமர்த்தினால் பந்தி விரைந்து எழுமா? எழாது. சாம்பார் வாளிக்குத்தான் ஆள் வேண்டும். கணினியிலும் பிற உறுப்புகளைக் காத்திருக்க வைப்பது எது என்று கண்டறியும் வரையில் ஒரு ரூபாயும் செலவிடலாகாது. அதைக் கண்டறியும் சோதனைக்குக் காசு வேண்டுவதில்லை.

திரையின் நுணுக்கத்தை விளையாட்டின் அமைப்பில் மாற்றலாம். 1920-க்கு 1080 என்ற அளவில் திரையில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. 1280-க்கு 720 என்று குறைத்தால் 9,21,600 புள்ளிகளே. தீட்ட வேண்டிய புள்ளிகள் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டன; ஆனால் பந்தின் கணக்கும் எதிரியின் கணக்கும் சிறிதும் குறையவில்லை. வி-சிங்க் என்னும் அமைப்பை முதலில் அணைத்துவிட்டு, இரு அளவுகளிலும் ஒரே இடத்தில் ஒரே காட்சியை விளையாடிப் பாருங்கள். நொடிக்கு எத்தனை படம் என்பதை ஸ்டீம் போன்ற செயலிகளே திரையின் மூலையில் காட்டும். 28 படமாக இருந்தது 50 ஆக உயர்ந்தால், காத்திருக்க வைத்தது கிராபிக்ஸ் கார்டு. 28 என்பது 29 ஆகவே நின்றால், கார்டின்மேல் பழி இல்லை. பெரும்பாலும் செயலியே திணறுகிறது. மைன்கிராஃப்டில் தொலைதூரக் காட்சியைக் கூட்டி வைத்து விளையாடுவோர் பலர் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவர்கள். அவர்கள் அத்தொலைவைக் குறைத்துக்கொண்டாலே பாதிக் குறை தீரும்.

இன்னொரு சோதனை. விளையாட்டு நடந்துகொண்டிருக்கும்போது கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் விண்டோஸில் டாஸ்க் மேனேஜர் தோன்றும். அதில் நினைவகம் நிரம்பி வழிந்து, வன்தட்டு நூற்றுக்கு நூறு உழைத்துக்கொண்டிருந்தால், இடமில்லாப் பொருளை நினைவகம் வன்தட்டுக்குத் தள்ளிக்கொண்டிருக்கிறது என்று பொருள். தோழன் சொன்ன மருந்து அப்போதுதான் பொருந்தும்.

காசு கேட்காத வேலைகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெட்டியைத் திறந்து தூசியை அகற்றுங்கள். பத்தாண்டு ஓடிய கணினியில் செயலிக்கும் அதன் குளிர்விப்பானுக்கும் நடுவே உள்ள பசை காய்ந்து போயிருக்கும். வெப்பம் ஏறினால் செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். புதிய பசைக்கு மட்டும் சிறு செலவு உண்டு. மற்றொன்றைச் சொன்னால் சிரிப்பீர்கள். புதிய கிராபிக்ஸ் கார்டை வாங்கிப் பொருத்திவிட்டு, திரையின் கம்பியைப் பழையபடி மதர்போர்டின் துளையிலேயே செருகி வைத்து, "ஒரு மாற்றமும் இல்லையே" என்று வருந்துகிறவர்கள் உண்மையிலேயே உண்டு.

இனி ஒரு குறிப்பிட்ட கணினியை எடுத்துக்கொள்வோம். அலுவலகங்கள் கழித்துவிட்ட கணினிகள் சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவிலும் பிற நகரங்களிலும் செகண்ட் ஹேண்டாக விற்பனைக்கு வருகின்றன. நம் எடுத்துக்காட்டு, இன்டெல் நிறுவனம் 2013-இல் வெளியிட்ட கோர் ஐ5-4570 என்னும் செயலியைக் கொண்டது. நான்கு கோர்கள், ஒரே 8 ஜிபி ராம், சுழலும் வன்தட்டு, தனிக் கிராபிக்ஸ் கார்டு இல்லை. எழுத்து வேலைக்கும் பாடத்திற்கும் இது இன்றும் போதும். விளையாட்டில் ஏன் தவிக்கிறது?

தனிக் கார்டு இல்லாதபோது செயலிக்குள் அடங்கிய சிறு வரைகலைப் பகுதியே படம் தீட்டுகிறது. தனக்கென நினைவகம் இல்லாமையால் அது பொது நினைவகத்தில் பங்கு கேட்கிறது. டிடிஆர்3-1600 வகை ராம் ஒன்று நொடிக்கு 12.8 ஜிபி செய்தியைக் கடத்தும். இரண்டை உரிய துளைகளில் இணையாகப் பொருத்தினால் 25.6 ஜிபி. ஆகவே ஒரே 8 ஜிபியைக் காட்டிலும் இரண்டு 4 ஜிபி மேலானது. ஆனால் ஜிடிஎக்ஸ் 1650 போன்ற எளிய கார்டிலும் அதற்கே உரிய நினைவகம் நொடிக்கு 128 ஜிபி கடத்துகிறது. ராமை எத்தனை கூட்டினாலும் இந்த இடைவெளி நிரம்பாது என்பது வெளிப்படை. இக்கணினிக்கு வேண்டுவது கார்டுதான். தொகையில் பாதிக்கு மேல் அதற்கே ஒதுக்கலாம்.

எந்தக் கார்டு என்பதைத் தீர்மானிப்பது உங்கள் ஆசையன்று, மின்சாரம். கார்டைச் செருகும் துளை அதற்கு 75 வாட் வரை மின்சாரம் தரலாம் என்பது பொது விதி. அதற்கு மேல் வேண்டுமானால் எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கியிலிருந்து தனிக் கம்பி வர வேண்டும். அலுவலகக் கணினிகளில் அக்கம்பி பெரும்பாலும் இராது. 2016-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 2019-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650 இரண்டும் 75 வாட் வகுப்பைச் சேர்ந்தவை. எனினும் 1650-இல் தனிக் கம்பி கேட்கும் வடிவங்களும் உண்டு. பார்த்து வாங்க வேண்டும். ஒல்லியான கேபினட்டாக இருந்தால் உயரம் குறைந்த கார்டே நுழையும். அத்தகைய பெட்டிகளுள் சிலவற்றின் துளை முழு 75 வாட்டையும் தருவதில்லை. கணினியின் மாதிரி எண்ணைக் கொண்டு கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

2022-இல் ஆர்.எக்ஸ். 6400 என்றொரு கார்டு வந்தது. அதற்கு 53 வாட் போதும். புதியது, சிறியது, மின்சாரம் குறைவு என்று கேட்டவுடன் கை நீளும். ஆனால் அது செயலியோடு பேசுவதற்கு 16 தடங்கள் உள்ள துளையில் 4 தடங்களையே பயன்படுத்துகிறது. நான்காம் தலைமுறைத் துளையுள்ள புதிய கணினியில் அக்குறை அவ்வளவாகத் தெரியாது. நம் 2013-ஆம் ஆண்டுக் கணினியின் துளை மூன்றாம் தலைமுறை. அங்கே ஒவ்வொரு தடமும் பாதி வேகமே. கார்டின் 4 ஜிபி நினைவகம் நிரம்பும் விளையாட்டுகளில் படம் திக்கித் திக்கி வரும். புதிய பொருள் பழைய வீட்டில் வலிமை குன்றுவதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

எஸ்.எம்.பி.எஸ். பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். விற்பவரும் அதைப் பேசமாட்டார், வாங்குபவரும் கேட்கமாட்டார். அது விளையாட்டில் ஒரு படத்தையும் கூட்டாது. ஆனால் அது கெட்டால் தன்னோடு மதர்போர்டையும் வன்தட்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகக்கூடும். தங்கையின் பாடக் குறிப்புகளும் அவ்வன்தட்டில்தான் இருக்கின்றன. நம் செயலியின் வெப்ப அளவு 84 வாட். கார்டு 75 வாட். மற்றவற்றையும் கூட்டினால் ஏறத்தாழ 200 வாட். பெயர்பெற்ற கம்பெனிகளின் அலுவலகக் கணினிகளில் உள்ள 240 முதல் 300 வாட் வரையிலான மின்வழங்கி, நல்ல நிலையில் இருக்குமானால், இதைத் தாங்கும். தாங்குவதை மாற்றி, 450 வாட் என்று பெரிதாக அச்சிட்ட மலிவான ஒன்றைப் பொருத்துவது முன்னேற்றமாகாது. அச்சிட்ட பெரிய எண்ணை விடுங்கள். ஒட்டியுள்ள அட்டவணையில் 12 வோல்ட் என்ற வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட் என்பது பள்ளிப் பாடம். 16 ஆம்பியர் என்றிருந்தால் 192 வாட். செயலிக்கும் கார்டுக்கும் உரிய மின்சாரம் அதிலிருந்துதான் வர வேண்டும். மீதி வாட்டெல்லாம் அட்டையில் மட்டும் உள்ள செல்வம். மற்றுமொரு செய்தி: சில கம்பெனிகள் 24 முனை கொண்ட பொதுச் செருகியை விட்டுத் தமக்கென வேறு செருகி வைத்திருக்கின்றன. அவற்றில் கடையில் கிடைக்கும் எஸ்.எம்.பி.எஸ். நேரே பொருந்தாது.

கார்டைச் செகண்ட் ஹேண்டாக வாங்குவதில் இழிவு ஒன்றுமில்லை. சிறு தொகைக்கு அதுவே வழி. ஆனால் பழைய, வலுவற்ற சில்லு ஒன்றின் உள்நிரலை மாற்றி எழுதி, அது தன்னை 1050 டிஐ என்று கூறிக்கொள்ளும்படி செய்து விற்கும் ஏமாற்று உலகெங்கும் நடந்திருக்கிறது. விண்டோஸ் அப்பெயரை நம்பிவிடும். ஜிபியு-இசட் என்னும் இலவச மென்பொருள் சில்லின் உண்மை அடையாளத்தைப் படித்துக் காட்டும். பணம் கொடுக்கும் முன் கடையிலேயே பொருத்தி, இருபது நிமிடமாவது ஒரு விளையாட்டை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். வெப்பம் ஏறிய பின்பே பல கார்டுகள் தம் குணத்தைக் காட்டும். "அதெல்லாம் நேரமில்லை தம்பி" என்று கடைக்காரர் மறுத்தால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

எஸ்.எஸ்.டி.யைப் பற்றியும் கேட்பீர்கள். நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் வன்தட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி நொடி எடுக்கிறது. தேடிய செய்தி ஊசியின் கீழ் வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். எஸ்.எஸ்.டி.யில் சுழல்வது ஒன்றுமில்லை. அதனால் விளையாட்டு விரைந்து திறக்கும். பெரிய உலகங்களில் நடக்கையில் நடுநடுவே நின்று போவது குறையும். நொடிக்குரிய படக்கணக்கு உயராது. ஆயினும் கணினி முழுவதும் சுறுசுறுப்படைவதால் இதனால் வீட்டார் அனைவருக்கும் பயன் உண்டு. தந்தையாரிடம் பணம் கேட்பதாயின் இதற்குக் கேளுங்கள்!

இவ்வளவும் செய்தால் என்ன கிடைக்கும்? 2015-இல் கணினிக்கு வந்த கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5 போன்ற பெரிய விளையாட்டுகளும், அவற்றின் காலத்தவை பலவும் நன்றாக ஓடும். 2024-இல் வந்த இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள் ஓடாது; ஒளிக்கதிரைப் பின்தொடர்ந்து கணக்கிடும் தனி உறுப்பை அது கார்டில் எதிர்பார்க்கிறது, 1650-இல் அது இல்லை. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்கும் செயலிகளின் பட்டியலில் 2013-ஆம் ஆண்டு இன்டெல் செயலிகளுக்கு இடமில்லை. லினக்ஸுக்கு மாறலாம். வால்வ் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட புரோட்டான் என்னும் கருவியால் விண்டோஸ் விளையாட்டுகள் மிகப் பல அதில் ஓடுகின்றன. வேலரண்ட் போல், ஏமாற்றுவோரைத் தடுக்கும் காவல் நிரலைக் கொண்ட சில ஓடமாட்டா.

சோதனையில் செயலியே குற்றவாளி என்று தெரிந்தால் என்ன செய்வது? அதே மதர்போர்டில் ஐ7-4770 பொருந்தும். என் கருத்தில், மிக மலிவாகக் கிடைத்தாலன்றி அதை வாங்க வேண்டியதில்லை. அத்தொகையைச் சேர்த்து வையுங்கள். அடுத்த கணினிக்கு எடுத்துச் செல்லக் கூடியவற்றிலேயே இப்போது பணத்தைப் போடுங்கள். எஸ்.எஸ்.டி. வரும், கார்டு வரும், பொதுச் செருகியுள்ள நல்ல எஸ்.எம்.பி.எஸ்.-உம் வரும். டிடிஆர்3 ராம் வராது. புதிய மதர்போர்டுகளில் அதற்குத் துளையே இல்லை. 2025-இன் பிற்பகுதியில் புதிய நினைவகத்தின் விலை செயற்கை நுண்ணறிவு நிலையங்களின் தேவையால் மிக ஏறிற்று. அதனால் புதிய கணினிக்கு மாறுவதைச் சிறிது காலம் தள்ளிப் போடுபவருக்குப் பழைய கணினியில் இன்னும் ஒரு 4 ஜிபி ராமைச் சேர்ப்பது பொருந்தும். அதையும் கழித்த கணினிகளின் உதிரிப் பாகங்கள் விற்கும் கடையில் கேட்டு வாங்குங்கள். அதன் மேல் உள்ள எண் உங்கள் பழைய ராமின் எண்ணோடு ஒத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.