கட்டில் மிச்சம், சுமை யாருக்கு?



சயரோகம் ஒருவரைப் பற்றினால் குடும்பம் முழுவதுமே பாயில் விழுகின்றது. நோயாளியை நாம் எண்ணுகின்றோம். அவரைப் பராமரிப்பவரை எண்ணுவாரில்லை.

1956 ஆம் ஆண்டு சென்னையில் ஓர் ஆராய்ச்சி தொடங்கியது. 193 நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு சாராரை வைத்தியசாலையிலும் மறுசாராரை வீட்டிலும் வைத்து ஓராண்டு மருந்து கொடுத்தனர். வறிய வீடுகளில் இருந்தோரும் ஏறக்குறைய அவ்வாறே குணமடைந்தனர். அவ்வீட்டாரிடையே நோய் கூடுதலாகப் பரவவுமில்லை. 1959 இல் வெளிவந்த இம்முடிவு உலகின் சிகிச்சை முறையையே மாற்றியது.

நன்று! ஆனால், வைத்தியசாலைக் கட்டில் மிச்சமானபோது அக்கட்டிலருகே நடந்த வேலை எங்கே சென்றது? மனைவியின் தலையிலும் தாயின் தலையிலும் சென்றது! தாதிக்கு முறைமாற ஆளுண்டு, மனைவிக்கு யாருண்டு?

இன்று சிகிச்சை பெரும்பாலும் ஆறு மாதம். அந்த ஆறு மாதமும் கஞ்சி காய்ச்சுபவளும் அவளே. மருந்து தவறாது பார்ப்பவளும் அவளே. தன் கூலியை இழப்பவளும் அவளே. முறையாக மருந்துண்டால் சில வாரங்களிலேயே தொற்றும் தன்மை பெரிதும் குறையும். அயலாரின் அச்சமோ குறைவதில்லை.

சட்டம் கற்றவன் என்ற முறையிற் கூறுகின்றேன்: வேலை வாங்கியவன் கூலி கொடுக்கக் கடமைப்பட்டவன். கட்டிற் செலவை மிச்சம்பிடித்த அரசு, பராமரிப்போருக்குப் படி வழங்கட்டும். அது தருமமன்று; கடன்!

அதுவரை, கமக்காரரே, அவ்வீட்டுத் தோட்டத்துக்கு ஒருமுறை நீர் இறைத்துக் கொடுங்கள். உத்தியோகத்தரே, அவ்வீட்டுப் படலையைத் திறந்து உள்ளே செல்லுங்கள்.