சூரியக் காற்றும் காந்த ஊசியும்



காந்த ஊசி வடக்கு நோக்கி நிற்பது நீங்கள் அறிந்ததே. பூமியே ஒரு பெரிய காந்தமாயிருப்பதால் அது அப்படி நிற்கின்றது. ஆனால் சில சமயங்களில் உலகமெங்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அவ்வூசி சிறிது துள்ளுவதுண்டு. நுட்பமான கருவி வைத்திருப்போர் அதைக் கண்டு குறித்து வைக்கிறார்கள். தொட்டவர் யாருமில்லை. பின் துள்ளுவானேன்?

சூரியன் வெளிச்சத்தை மாத்திரம் விடுவதில்லை. மின்சாரம் ஏறிய நுண்ணிய துகள்களையும் எந்நேரமும் ஊதிக் கொண்டேயிருக்கின்றது. அக்காற்றின் வேகம் சாதாரணமாய் விநாடிக்கு 400 கிலோமீட்டர். பூமியின் காந்த சக்தி, பகல் பக்கத்தில் சுமார் 60,000 கிலோமீட்டருக்கு அப்பாலேயே ஒரு வேலி போல் அதைத் தடுத்து விடுகின்றது. சூரியனில் வெடிப்பு உண்டாகிக் காற்று திடீரென்று அடர்த்தியாயும் வேகமாயும் வந்து மோதினால் வேலி உள்ளே அமுங்கும். வேகம் இரு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். வேலியின் ஓரத்தில் ஓடும் மின்சாரம் பெருகுகின்றது. சில நிமிஷங்களுக்குள் இங்கே ஊசி துள்ளுகின்றது.

ஊசி துள்ளினால் நமக்கென்ன என்பீர்கள். காந்த பலம் மாறினால் அருகிலுள்ள கம்பியில் மின்சாரம் பிறக்கும் என்று பாரடே 1831-லேயே காட்டி விட்டார். பூமியின் காந்தம் ஆடும்போது நாம் இழுத்துக் கட்டிய நீளமான கம்பிகள் என்ன செய்யும்? 1859-ல் அமெரிக்காவில் பாஸ்டன், போர்ட்லண்டு ஊர்களின் தந்தி ஊழியர்கள் பாட்டரியைக் கழற்றி வைத்து விட்டே தந்தி பேசினார்கள். சூரியன் கூலி கேட்கவில்லை! அதே புயலைப் பம்பாய்க் கொலாபா நிலையத்துக் காந்தக் கருவியும் பதிவு செய்தது.

நிற்க, 1989 மார்ச்சில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் நடந்தது வேடிக்கையல்ல. 12-ந் தேதி இரவு சூரியக் காற்று வந்து மோதிற்று. பூமியின் காந்தம் மணிக்கணக்கில் கலங்கிக் கொண்டிருந்தது. 13-ந் தேதி விடியுமுன், மாகாணத்தின் மின்சார ஏற்பாடு முழுவதும் ஒன்றரை நிமிஷத்தில் விழுந்து விட்டது. 60 லட்சம் ஜனங்கள் குளிரிலும் இருட்டிலும் சுமார் 9 மணி நேரம் கிடந்தார்கள். அவ்விடத்துப் பாறை மின்சாரத்தை எளிதில் கடத்தாது. ஆகவே பூமியில் பிறந்த மின்சாரம் கம்பிகளில் புகுந்து கொண்டது. இதற்கு அங்குள்ளவர்கள் சாந்தி கழிக்கவில்லை. கம்பிகளில் அந்த மின்சாரத்தைத் தடுக்கும் சாதனங்களை மாட்டினார்கள்.

நம்மிலோ, சூரியனை விழுங்கும் ராகுவுக்கென்று தினம் ஒன்றரை மணி நேரம் வேலையை ஒத்தி வைப்பவர் இன்னும் இருக்கிறார்கள். அந்த ராகுவால் எந்த ஊசியும் அசைந்ததாகக் கணக்கில்லை. ஊசியை மெய்யாகவே அசைக்கும் காற்று எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை.

அதை அளப்பதற்கென்று இந்திய விஞ்ஞானிகள் 2023 செப்டம்பரில் அனுப்பிய ஆதித்யா எல்-1 என்ற கலம், 2024 ஜனவரி முதல் பூமியிலிருந்து சூரியன் பக்கமாய் 15 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் நிற்கின்றது. அங்கே படும் காற்று இங்கே வந்து சேர அரை மணியிலிருந்து ஒரு மணி நேரமாகும். மின்சார நிலையத்தார் பாரத்தைக் குறைத்து எச்சரிக்கையாயிருக்க அவர்களுக்குள்ள அவகாசம் அவ்வளவுதான்.